ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தவன்

போன மாதம் என் மகளுக்கு விருது கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டலாம் என்றுதான் போனேன். தட்ட வேண்டிய நேரத்தில் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கயல்விழி சிவில் அண்ட் என்விரான்மென்டல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. செய்கிறாள். திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம் — பெண் இன்னும் தீசிஸ் கொடுக்கவில்லை!

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால் "தண்ணிப்பா" என்பாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. தண்ணீர் என்றால் என்ன? கண்ணாடிக் குடுவை, வெள்ளைக் கோட்டு, ஏ.சி. ரூம். என் கற்பனை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி நிதி வாங்கியவர்களுக்கு விருது. அதிக நிதி வாங்கியவருக்குத் தனி விருது. விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களுக்கு ‘சிறந்த முயற்சி’ விருது. விருதுக்கு ஆள் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு, தேர்ந்தெடுத்ததற்காக ஒரு ஷீல்டு. ஒரு புரொபசர் மூன்று தடவை மேடை ஏறினார். மூன்றாவது தடவை கீழே இறங்காமல் ஓரமாகவே நின்றுகொண்டார். முட்டி வலியாம்.

சான்றிதழ்கள் அச்சகத்திலிருந்து வந்து சேரவில்லை. அதனால் வெறும் ஃபைலைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். வாங்கியவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவருக்கு வேண்டுமே?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜமால் பாய். அந்த டிபார்ட்மெண்ட் ஆபீசின் சூப்பரின்டெண்டென்ட். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். அண்ணன் தம்பி எல்லாரும் துபாய், சவூதி என்று போய்விட, இவர் மட்டும் ஃபைலோடு தங்கிவிட்டவர். நான் பெரம்பலூர் பஸ்சைப் பற்றிப் பேச, அவர் பரோட்டா கடையைப் பற்றிப் பேச, சிநேகமாகிவிட்டோம். நான் யாருடைய அப்பா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் திரையில் அந்தப் படம் வந்தது.

நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். சுற்றிலும் செங்குத்தாக வெட்டிய சுண்ணாம்புக்கல் சுவர். கைவிடப்பட்ட சுரங்கக் குழி. அரியலூர்க்காரனுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? சிமெண்டுக்காகத் தோண்டி, கல் தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போன குழிகள். அதில் ‘ஓரம்’ என்று ஒன்று கிடையாது. கால் வைத்தால் நேராகக் கீழேதான். குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் மாலையோடு போயிருக்கிறேன். "அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சுப்புடுவேன்" என்று மிரட்டியே என் மகளை வளர்த்தேன்.

படத்தில் தண்ணீரின் நட்டநடுவே இரண்டு லாரி டியூப். மேலே மூங்கில் கட்டு. அதன் மேல் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏதோ ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுற்றித் துண்டு, தலையில் தொப்பி.

"பாய், யாரு இந்தப் பொண்ணு? இவளைப் பெத்த அப்பன் என்ன மனுசன்? இப்படியா அனுப்பி வைப்பான்?"

"சும்மா அனுப்ப மாட்டோம் சார். பொம்பளப் புள்ளைங்கன்னா அப்பாகிட்ட ‘ஆட்சேபனை இல்லை’ன்னு லெட்டர் வாங்கிட்டுத்தான் அனுப்புவோம்." பாய் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் புள்ளையோட அப்பா எழுதுன லெட்டர் இருக்கே... மாஷா அல்லாஹ்! என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு பாத்ததில்ல. இப்ப எல்லாருக்கும் அதைத்தான் மாடலாக் குடுக்கறோம்."

மைக்கில் அறிவித்தார்கள். "இளம் ஆராய்ச்சியாளர் விருது... கயல்விழி!"

என் மகள் மேடையேறி, வெறும் ஃபைலை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

விழா முடிந்ததும் பாயிடம் நான்தான் அந்த அப்பன் என்று சொல்லி, அந்த லெட்டரைப் பார்க்கக் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் பத்திரம் எழுதுகிறவன். அரியலூரில் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே இருபத்து மூன்று வருஷமாக மேசை போட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயல் ஒரு தாளை நீட்டி, "ஃபீல்டு விசிட்டுக்கு அப்பா கையெழுத்து வேணுமாம்" என்றாள். பள்ளிக்கூட டூருக்குக் கேட்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்தேன். மூன்றே வரி, சவசவ என்று இருந்தது. என் தொழில் மானம் ஒத்துக்கொள்ளுமா? நானே வேறு எழுதினேன்.

‘மேற்படி பணிக்கு என் மகள் செல்வதற்கு நான் முழு மனதுடனும் சுய நினைவுடனும், பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றிச் சம்மதிக்கிறேன். பின்னிட்டு நானோ என் வாரிசுகளோ இது குறித்து எவ்வித ஆட்சேபனையும் செய்யக் கடவோமல்ல.’

வாரிசுகளோ! எனக்கு இருப்பது ஒரே வாரிசு. அது டியூப் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்தத் தாளுக்குப் பின்னால் இணைப்பு என்று இன்னொரு பக்கம் இருந்தது. இடம்: கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள். முறை: மிதவை மூலம். எல்லாம் அச்சாகி இருந்தது. என் மேசைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "கடைசிப் பக்கம் படிங்க, எந்த நிலம், எத்தனை அடின்னு அங்கதான் இருக்கும்" என்று தொண்டை வறளச் சொல்கிறவன் நான். என் பெண் விஷயத்தில் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேன்டீனில் கயலைப் பிடித்தேன்.

"அந்தக் கருவிக்கு ரெண்டு கயிறு கட்டியிருந்துச்சு. மேல ஆரஞ்சு கலர்ல மிதவை வேற. பாத்தேன். ஏன்?"

"அது ரொம்பக் காஸ்ட்லிப்பா. தொலைஞ்சா கிராண்ட் குடுத்தவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"நீ தொலைஞ்சா?"

"அதுக்குத்தான் உங்க லெட்டர் இருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் டீயைத் தள்ளி வைத்தேன்.

அப்புறம்தான் இன்னொன்றைச் சொன்னாள். அவள் பெயரையும் கைடு பெயரையும் போட்டு டெல்லியிலிருந்து புது கிராண்ட் வந்திருக்கிறதாம். இன்னும் ஆறு குழிகள். அதற்கு என்னிடமிருந்து புது லெட்டர் வேண்டும். இல்லையென்றால் அவள் குழிக்குப் போக முடியாது. அவள் போகவில்லையென்றால் கிராண்ட் திரும்பிப் போய்விடும்.

"போகட்டும்" என்றேன்.

"அப்பா, கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறாங்க. பக்கத்துலயே குழி நிறையத் தண்ணி கெடக்கு. அதைக் குடிக்கலாமா, கூடாதா, பயிருக்காவது விடலாமான்னு யாருக்கும் தெரியல. எனக்குப் பாதி தெரியும். மீதியையும் பாத்துச் சொல்லிருவேன்."

"உங்கூட ஆராய்ச்சி பண்ற ஒரு பையன் இருக்கானே, அவங்கப்பனும் எழுதிக் குடுத்தாரா?"

"பசங்களுக்கு லெட்டர் வேணாம்ப்பா."

"ஏனாம்?"

"அவங்க மேஜராம்." டம்ளரை மேசையில் வைத்தாள். "எனக்கு இருபத்தேழுப்பா. பயமா இருக்குன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா இந்தக் கையெழுத்துக்காக உங்க முன்னாடி வந்து நிக்கறது இருக்கே... அது எனக்கு அசிங்கமா இருக்குப்பா."

வீட்டில் மூச்சு விடவில்லை. விழா அன்று என் மனைவி மீன்சுருட்டியில் தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தாள். நல்லதாய்ப் போயிற்று. விஷயம் தெரிந்தால் ஒரு வீட்டில் இரண்டு பேர் பி.பி. மாத்திரை சாப்பிட வேண்டிவரும்.

ஒரு வாரம் கையெழுத்துப் போடவில்லை. கண்ணை மூடினால் நீலத் தண்ணீர். போடாவிட்டால் மகளின் நாலு வருஷ உழைப்பு. போட்டால்...? மேசையில் உட்கார்ந்து ஊரார் நிலத்துக்கு நாலு எல்லை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் லெட்டர் யாரைக் காப்பாற்றுகிறது? பல்கலைக்கழகத்தை. என் பெண்ணைக் காப்பாற்ற ஒரு வரிகூட அதில் இல்லையே!

அன்றைக்கே வேறு எழுதினேன். முதல் பார்ட்டி, டிபார்ட்மெண்ட். இரண்டாம் பார்ட்டி, கயல்விழி. பதினோரு ஷரத்து. மிதவை இப்படி இருக்க வேண்டும், கரையில் இத்தனை பேர் நிற்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது... எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன்.

"இது நாங்க கேட்ட லெட்டர் இல்லையே சார்?"

"இல்லைங்க சார். அதுல, உங்களுக்குப் பொறுப்பில்லைன்னு நான் எழுதிக் குடுத்தேன். இதுல, இவளுக்கு நீங்க பொறுப்புன்னு நீங்க எழுதிக் குடுக்கறீங்க."

நெடுநேரம் படித்தார். கிராண்ட் திரும்பிப் போனால் அடுத்த விழாவில் ஒரு விருது குறையும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "எல்லாம் சரி சார். லைஃப் ஜாக்கெட்டுக்குத்தான் கிராண்ட்ல தலைப்பு இல்ல. அது ஆராய்ச்சிக் கருவி கிடையாதுன்னு ஆடிட்ல தூக்கிருவாங்க."

ஃபைலோடு பக்கத்தில் நின்ற ஜமால் பாய் தொண்டையைச் செருமினார். "பரிசுப் பொருள்னு ஒரு தலைப்பு இருக்கே சார். விழாவுக்கு ஷீல்டு வாங்குவோமே... அதுல வாங்கிருவோம். பாப்பாவுக்கு இன்னொரு விருது குடுத்த மாதிரி எழுதிக்கலாம்."

இந்த நாட்டில் உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் விருதாகக் கொடுத்தால்தான் முடியும் போல!

துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். கயல் போட்டாள், அவள் பெயரை அவளே. எனக்கு மிச்சமிருந்த இடம் கடைசியில். சாட்சி. இருபத்தேழு வயசுப் பெண்ணின் வாழ்க்கையில் அப்பனுக்கு உரிய இடம் அதுதான் என்று, எல்லாருக்கும் பத்திரம் எழுதுகிற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போட்டேன்.

ஆனால் சாட்சி இரண்டு பேர் வேண்டுமே? பாய் போடத் தயாராக இருந்தார். கயல்தான், "அம்மா போடட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கயலோடு வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பத்திரத்தை நீட்டினேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷரத்தாக விரல் வைத்துப் படித்தாள். வாலிகண்டபுரத்தில் மோட்டார் கிணற்று மேட்டிலிருந்து குதித்தே வளர்ந்தவள் அவள். படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"ஏங்க, இவளுக்குத்தான் நீச்சல் தெரியாதே... அது எத்தனாவது ஷரத்துல இருக்கு?"

நான் கயலைப் பார்த்தேன். கயல் சுவரைப் பார்த்தாள்.

டெல்லியில் ஒரு கமிட்டி, பல்கலைக்கழகத்தில் ஒரு கமிட்டி, ஒரு கைடு, ஒரு துறைத்தலைவர், அப்புறம் பதினோரு ஷரத்து எழுதிய மகா புத்திசாலி நான். அத்தனை பேரும் அந்தத் திட்டத்தைப் படித்தோம். ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை!

"கத்துக்கிட்டு வரட்டும். அப்பறம் போடறேன்" என்று பத்திரத்தை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். கிராண்ட் மூன்று வாரம் பீரோவுக்குள் காத்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு நீச்சல் குளம். என் மனைவி கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கயல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பினாள். நான் கைதட்டினேன். "இன்னொரு தடவ" என்றாள் இவள். போய்த் திரும்பினாள். "இப்ப காலை ஆட்டாம, மல்லாந்து மெதந்து காட்டுடி." கயல் மிதந்தாள். "எந்திரிக்காத... அப்படியே கெட." அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம்.

அப்புறம்தான் என் மனைவி, என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.

நிபுணர் குழு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?