ஆகுர்டி பால்வாடியில் நான் கேட்காத சொல்

ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டு நின்றவள் நான். அதுவும் இன்னொருத்தி பெற்ற குழந்தை. சபையில் இதைச் சொல்ல இத்தனை வருஷம் வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டு, மழைக்காலம். மராத்தி பேசுகிற ஆகுர்டியில் நம் சபை ஹாலில் பால்வாடி நடத்தினோம். மூன்று நான்கு வயசுத் தமிழ்ப் பிள்ளைகள். அப்பாமார் பெரும்பாலும் வண்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பாட்டு, களிமண், கொஞ்ச நேரம் பாயில் தூக்கம் என்று எல்லாம் நன்றாகத்தான் வைத்திருந்தோம். ஒரு சட்டம் மட்டும் நான் போட்டது. வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ் கூடாது. இங்கிலீஷ், இல்லாவிட்டால் மராத்தி. பெரிய ஸ்கூல் இன்டர்வியூவில் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கக் கூடாதே. வேண்டாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

செல்விக்கு மூன்றரை வயசு. சேலத்திலிருந்து புதிதாக வந்த வசந்தாவின் மகள். சேர்ந்து இரண்டு மாதமாகியும் வாய் திறக்கவில்லை. பின்பக்கம் பாத்ரூமுக்குக் கூப்பிட்டால் மட்டும் தலையை ஆட்டி, "நாய், நாய்" என்பாள். மராத்திக்காரர்கள் ‘மாட்டேன், இல்லை’ என்பதைப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஆயா மராத்திக்காரி. மௌஷி என்று கூப்பிடுவோம். அவள் சிரிப்பாள். எனக்கோ பெருமை. "உன் பொண்ணு மராத்தி பேச ஆரம்பிச்சுட்டா வசந்தா" என்றேன். கவுனை நனைத்துக்கொண்டு நின்றால், பிடிவாதம் என்று அதட்டினேன்.

ஒரு நாள் மௌஷி அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். செல்வி கையை உதறிவிட்டு ஓடினாள். உள்ளேதான் போயிருப்பாள் என்று மௌஷி விட்டுவிட்டாள். பன்னிரண்டு மணிக்குத் தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். கேட் திறந்து கிடந்தது. வெளியே லாரி ஓடுகிற ரோடு. அதைத் தாண்டினால் நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய், விளிம்பு வரை மழைத்தண்ணீர்.

வசந்தா வந்தாள். கத்தவில்லை. "எம்புள்ள எங்கங்க டீச்சர்?" என்றாள். நான் பதில் சொல்லுமுன் நாலாப் பக்கம் ஓடிவிட்டாள். நான் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "செல்வி, கம் ஹியர்" என்றேன். மராத்தியிலும் "இக்டே யே" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

பின்படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "ஆண்டவரே, புள்ளையக் குடுத்துருங்க. என் கௌரவம் போகட்டும், பால்வாடி போகட்டும். புள்ளையக் குடுத்துருங்க." அவ்வளவுதான் ஜெபம்.

அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஏதோ எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. என்மேல் தண்ணீர் தெறித்தது. "சீ, நாயே" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. செல்வி சொன்னதும் இதையேதான்.

உள்ளே ஓடினேன். "செல்வி, நாய் போயிருச்சு கண்ணு. வா" என்றேன். பாய் வைக்கிற அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்தது. "பெரிய நாயும் போயிருச்சா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வசந்தா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே சட்டத்தை எடுத்தேன். பிறகு எந்தப் பிள்ளை சேர்ந்தாலும், வீட்டில் தண்ணீருக்கு, வலிக்கு, பயத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று அம்மாவிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டோம். மௌஷியும் "பயமா இருக்கா?" என்று கேட்கப் பழகினாள். இன்றும் பன்னிரண்டு அடித்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

என் ஜெபத்துக்கு ஆண்டவர் ஒரு நிமிஷத்தில் பதில் தந்தார். அந்தக் குழந்தை தனக்கு வந்த வார்த்தையில் என்னிடம் இரண்டு மாதம் கேட்டது, எனக்குப் புரியவில்லை. அருமையானவர்களே, எப்படி ஜெபிப்பது என்று தயங்காதீர்கள். உங்களுக்கு வருகிற வார்த்தையில் கேளுங்கள். அவர் என்னைப் போன்ற டீச்சர் இல்லை.