ஏழாவது கிரி அம்மா

வேப்பிலையும் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்... இலங்கையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பத்து நாள் அந்த வாசனைதான். மூன்று வயது மகளுக்குத் தட்டம்மை.

லயத்தில் அம்மைக்குப் பொறுப்பு மாரியம்மன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், சிங்களக் கிராமத்தில், அதே இலாகா பத்தினி தெய்யோவிடம் இருந்தது. என் மனைவி செல்வி இரண்டு இடத்திலும் விண்ணப்பித்தாள்.

இரண்டாவது விண்ணப்பம் சோமாவதியின் யோசனை. கிராமத்திலிருந்து வந்து செல்வியோடு ரப்பர் பால் வெட்டுகிறவள். செல்வியை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"சொகமானா ஏழு கிரி அம்மாவுக்குச் சோறு போடுறேன்னு சொல்லு நங்கி."

கிரி என்றால் சிங்களத்தில் பால். பிள்ளைக்குப் பால் கொடுத்த தாய்மார் ஏழு பேர். பாயில் உட்கார்த்தி, காலில் விழுந்து, பாற்சோறு படைக்க வேண்டும். அந்தக் காலைக்கு மட்டும் அவர்கள்தான் தெய்வம். ஏழு பேர் கையாலும் பிள்ளை ஒவ்வொரு வாய் சாப்பிட வேண்டும்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "பசிக்குதும்மா" என்றாள் மகள். செல்வி அழுதாள். நான் வெளியே போய், அவசர வேலை இருப்பதுபோல ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாற்சோறு தானத்தன்று காலை கிராமத்து மூவர் வந்துவிட்டார்கள். லயத்து நால்வரில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை. மற்றப் பெண்கள் எல்லாம் பெரட்டில் பேர் கொடுத்து, வேலைக்கு மலையேறியாயிற்று. மிச்சம் இருந்தது கைக்குழந்தைக்காரி ராசம்மா. பக்கத்துக் காம்பரா. ஒரு கோழி விஷயமாகச் சண்டை; செல்வியும் அவளும் பேசி இரண்டு வருஷம்.

"அவ கையால எம்புள்ள திங்கணுமா?"

"ஆறு பேருன்னா பத்தினி அம்மா ஏத்துக்க மாட்டா நங்கி," என்றாள் சோமாவதி. "அம்மை திரும்பி வரும்."

செல்வி மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தூது போனேன்.

"மனுசியா கூப்புடுறீங்களா அண்ணே, சாமியாவா?" என்றாள் ராசம்மா.

"சாமியாத்தான்."

"சாமியக் கூப்புடப் புருசன அனுப்புவாங்களா? அவள வரச் சொல்லுங்க."

நான் நிறையப் படித்தவன் என்று தோட்டத்தில் பெயர். அவள் சொன்னதை அப்படியே செல்வியிடம் வந்து ஒப்பித்தேன்.

செல்வி போனாள். உள்ளே என்ன நடந்ததோ... கோழி என்ற சொல் மட்டும் இரண்டு தடவை கேட்டது. இருவரும் கண் சிவந்து வெளியே வந்தார்கள்.

ஏழு பேர் காலிலும் செல்வி விழுந்தாள். ஏழாவதாக ராசம்மா காலில் ஒரு விநாடியும் குறைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாய் சாப்பிட்டுவிட்டு மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது ராசம்மாவின் முறை.

"ஆ காட்டு தங்கம். பெரியம்மா கை சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் ராசம்மா, செல்விக்குக் கேட்கும்படி.

வாய் திறந்தது.

"ஹத்தய்!" என்று சோமாவதி கத்தினாள். ஏழு! செல்வி சிரித்தாள். அம்மை திரும்பி வரவே இல்லை.

கோழிச் சண்டை அடுத்த வாரமே தொடர்ந்தது. இம்முறை இருவரும் பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

பல வருஷம் கழித்து, கொழும்பில் பேத்திக்குத் தட்டம்மை ஊசி போட்டோம். ஐந்து நிமிடம். அந்தப் பத்து நாள் எதிரிக்கும் வரக் கூடாது. ஊசியைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு நர்ஸ் போதும். யார் காலிலும் விழ வேண்டியதில்லை, யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் ஃபிளாட்டில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது... சண்டை ஒன்றும் இல்லை.