கழுவி வைத்த சிலேட்டுகள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளிலெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருடம் அது. கல்வராயன் மலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. தகுதிகாண் பருவம் முடியவேண்டிய நேரம். பாடம் ஒழுங்காக நடத்துகிறேன் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பஸ் ஓடாததால் அதிகாரி மலையேறவில்லை. ஆதாரங்களோடு என்னைக் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மலைக்குப் போட்ட டீச்சர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழேயே இருந்துவிடுகிறார்கள் என்றொரு பேச்சு அப்போது உண்டு. அதனால் பாடக்குறிப்பு மட்டும் போதாதாம், பிள்ளைகள் எழுதியதும் வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளுக்கு நோட்டு ஏது? எல்லாம் சிலேட்டுதான். காலையில் எழுதியதை மத்தியானம் எச்சில் தொட்டு அழித்துவிடுவார்கள். வந்த ஆத்திரத்தில், சிலேட்டுகளையே சுமந்துகொண்டு போவதென்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் தங்கள் வீட்டைப் பற்றி, மறுபக்கம் கழித்தல் கணக்கு என்று எழுதச் சொன்னேன். உரசி அழியாமல் இருக்க இடையிடையே தேக்கு இலை வைத்து, பழைய புடவையில் மூட்டை கட்டினேன்.

விடிந்ததும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கச்சிராயபாளையத்தைத் தாண்டி நடந்தேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. இரண்டு பக்கமும் கரும்புக் கொல்லை இருந்த இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வயது இருக்கும்.

“கவர்மெண்டு ஆளா? மூட்டையில இன்னா?”

சிலேட்டு என்றேன். யாரும் நம்பவில்லை. அவரே அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கோ, விரல் பட்டு எழுத்து கலைந்துவிடுமே என்று உயிரே இல்லை.

“இத்த ஏன் தூக்கிக்கினு போறீங்க?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். “நாங்களும் வேலைக்கோசரந்தான் டீச்சர் ரோட்டுல குந்திக்கினு இருக்கோம்” என்றார். மறுபடி கட்டி, மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத் தூக்கினார்.

அப்போதுதான் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான் ஏன் ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை, கரும்புக்குள் புகுந்துவிட்டேன். கரும்புச் சோகையின் கூர் இலைகள் முகத்தைக் கிழித்தன. சாலையில் பூட்ஸ் சத்தமும் அதட்டலும் கேட்டுக்கொண்டே இருந்தன. என் மூட்டை அவரிடம் இருந்தது.

வண்டி போனபிறகு வெளியே வந்தேன். அவர் வாய்க்கால் ஓரம் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிலேட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“ஓடறப்ப மூட்டையோட வாய்க்கால்ல வுழுந்துட்டேன். ஒரே சேறு. பயப்படாதீங்க, ஒண்ணு வுடாம அலம்பிட்டேன்” என்றார். ஒன்றுகூட உடையவில்லை. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். “உங்களுக்கு அறிவிருக்கா?” என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். சிலேட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

“நான்தான் படிச்சனே. நானே வந்து சொல்றேன், வாங்க.”

கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். “டவுனுக்குள்ள போனா புடிச்சி உள்ள வெச்சிடுவாங்கடா.” அந்த நாட்களில் வாலிபர்கள் தங்கள் வீட்டில் படுக்கவே பயந்தார்கள். அவர் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மூட்டையைத் தூக்கி முன்னால் நடந்தார்.

அலுவலக வாசலிலேயே போலீஸ் வேன் நின்றது. நான் தயங்கி நின்றேன், அவர் நிற்கவில்லை.

அதிகாரி சிலேட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, வெறும் சிலேட்டைக் கொண்டாந்து காட்டறீங்க?”

மூட்டையைத் தூக்கிவந்தவர்தான் பதில் சொன்னார். மறியலில் தன் கைக்கு மூட்டை வந்தது, கழுவியது, எதையும் மறைக்கவில்லை. “ஒரு புள்ள, எங்க வூட்டு மாடு என்னப் பாத்தா மட்டும் கத்தும்னு எழுதியிருந்திச்சி சார். ஒரு புள்ள மழ பேஞ்சா நாங்க குந்திக்கினே தூங்குவோம்னு எழுதியிருந்திச்சி. கணக்குல ஒண்ணு கடன் வாங்க மறந்துடுச்சி, மீதியெல்லாம் சரி.”

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “இதை எழுத்துல கொடுப்பீங்களா? பேரு, ஊரு எல்லாம் போடணும்” என்றார்.

ஜன்னல் வழியே அந்த வேன் தெரிந்தது. வேண்டாம் என்று நான் அவருக்குத் தலையாட்டினேன். அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். தன் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு. கீழே கையெழுத்து.

“சிலேட்ட பத்திரமா கொண்டும்போய்க் குடுங்க. புள்ளைங்க தேடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை நான்.

என் வேலை நிலைத்தது. அந்தத் தாளால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று தெரிய வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பிற்காலத்தில் நான் தலைமையாசிரியையாகி, எத்தனையோ ஆசிரியர்கள் அடுக்கிக் கொண்டுவந்த ஆதாரங்களைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் பெயர் தெரிந்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்றிருந்த நாளில், திட்டித் தீர்த்த எனக்காக ஒரு மனிதர் தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்த அந்தத் தாளுக்கு ஈடாக ஒன்றை இன்றுவரை நான் பார்த்ததில்லை.