வெள்ளைச் சட்டைக்காரரின் நிறம்

அண்ணி எதையாவது உற்றுப் பார்த்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். வலது கை ஆள்காட்டி விரல், பக்கத்தில் மேசை இருந்தால் மேசையிலும் தட்டு இருந்தால் தட்டின் விளிம்பிலும், பார்க்கும் பொருளின் ஓரத்தை மெல்ல வரையும். மூக்கு வந்தால் நின்று வளையும். காது வந்தால் சுற்றிக்கொண்டு போகும். வரைந்து முடித்த பிறகுதான் கணினியின் மவுஸைத் தொடுவாள்.

வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் செய்தித்தாள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து தன் முழங்காலில் அவனை வரைந்துகொண்டிருப்பாள்.

"என்னை வெட்டி எங்க ஒட்டப் போற?"

"எங்க ஒட்டினாலும் உங்க தொப்பை வெளிய வந்துடுதே."

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. எனக்கும் அங்கேதான். நான் பிரிண்டரையும் லேமினேஷனையும் பார்த்துக்கொள்கிறேன். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துவந்த வேலை. அண்ணி கணினியில் படங்களைத் திருத்துவாள். அந்த நாட்களில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, நடுவே ஒன்று மட்டும் நிறத்தோடு. குழந்தையின் பலூன், புது மோட்டார் சைக்கிள், யாரோ ஒருத்தியின் குடை.

அந்த ஒன்றைப் படத்திலிருந்து பிரித்தெடுக்க மென்பொருளில் ஒரு கருவி உண்டு. மந்திரக்கோல் என்று பெயர். ஒரு சொடுக்கில் ஒரே நிறமாக இருப்பதையெல்லாம் வளைத்துப் பிடித்துவிடும். அண்ணிக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. "ஆளைப் பிடின்னா பின்னாடி நிக்கற சுவரையும் சேத்துப் பிடிச்சுட்டு வருது. போலீஸ்ல சேத்து விடலாம்" என்பாள். ஓரம் நெடுக ஒவ்வொரு புள்ளியாக வைத்துத்தான் எடுப்பாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒரு நாள் காலை வந்தாள். அவள் அப்பா அட்டைப்பெட்டி கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை யாரோ அவளுடைய போனுக்கு அனுப்பியிருந்தார்கள். நீலச் சீருடையில் இரண்டு வரிசை ஆட்கள். நடுவே, கம்பெனி பரிசாகக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் அப்பா.

"அப்பா மட்டும் கலர்ல இருக்கணும்க்கா. மத்தவங்க எல்லாம் கறுப்பு வெள்ளை. எந்தப் போட்டோவிலயும் அவர் எங்க நிக்கறார்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். இதிலயாவது பாத்ததும் தெரியட்டும்."

அண்ணி இடது கண்ணை மூடி, மேசையில் வரைந்து, புள்ளி வைத்து முடித்தபோது நான் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வெள்ளைச் சட்டை, சாம்பல் பேன்ட், வெள்ளைத் தலை. நிறத்தோடு விட்டாலும் அந்த மனிதரிடம் நிறம் இல்லை. முகமும் இரண்டு கைகளும் மட்டும் மண்ணிறத்தில் தனியாக மிதந்தன. மற்றபடி எல்லோரையும் போலவே இருந்தார்.

மதியம் அந்தப் பெண் வந்து பார்த்தாள். "இன்னும் ஆரம்பிக்கலையாக்கா?"

"முடிச்சாச்சும்மா."

"அப்பா கறுப்பு வெள்ளையாவே இருக்காரே."

"உங்கப்பா அப்படித்தான் வந்திருக்கார். நான் என்ன பண்ண?"

சட்டைக்கு நிறம் ஏற்றிவிடலாம் என்று அண்ணி சொன்னாள். என்ன நிறம்? அந்தப் பெண் யோசித்தாள். வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்கு வெளிர் மஞ்சள்தான் பிடிக்கும் என்று அம்மா சொல்ல, பின்னாலிருந்து தம்பியின் குரல், "மஞ்சளா? அவர்கிட்ட ஒண்ணுகூடக் கிடையாது" என்றது. "நீ வாங்கிக் கொடுத்தியா?" என்று அம்மா அவன்மேல் பாய்ந்தாள். சண்டை முற்றியது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையில், அப்பாவுக்குப் பிடித்த நிறம் இத்தனை காலமும் தனக்குத் தெரியாமலிருந்ததே என்ற திகைப்பு இருந்தது. "அவரையே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனாள்.

மறுநாள் அப்பா வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, "எதுனாலும் சரிம்மா" என்றார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. படத்தை இவ்வளவு பெரிதாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. திடீரென்று எழுந்து திரைக்கு அருகே வந்தார்.

"எனக்குப் பின்னாடி இருக்கே பசை மிஷின், அதுமேல ஒரு விளக்கு. அது என்ன நிறம்?"

கறுப்பு வெள்ளையில் அது ஒரு சாம்பல் பொட்டு. சிவப்பும் பச்சையும் நிறம் போனால் ஒரே சாம்பல்தான்.

"ஏன் கேக்கறீங்க?"

"பசை சூட்டுல காயுதுன்னா சிவப்பு. நிறுத்திட்டா பச்சை." விரலால் திரையில் அந்தப் பொட்டைத் தொட்டார். "அன்னிக்குப் பேச்சு, கைதட்டல், போட்டோன்னு ஒரே கூட்டம். நான் நிறுத்தினேனா இல்லையான்னு ஞாபகமே வரல. சுவிட்சுக்குக் கை போன மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்கு."

"இதுக்குத்தான் ராத்திரி எழுந்து எழுந்து அடுப்பைத் தொட்டுப் பாக்கறீங்களா?" என்றாள் மகள். "கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானேப்பா."

"கேட்டாலே மறந்துட்டான்னு ஆயிடும். நான் ஒருநாள்கூட மறந்ததில்ல. வேற யாரையும் அதைத் தொட விட்டதுமில்ல. பச்சையா இருந்தா நிறுத்தினது நான்தான். வேற யாரும் கிடையாது. பாத்துச் சொல்லும்மா."

அண்ணி நிறத்தோடு இருந்த மூலப்படத்தைத் திறந்தாள். விளக்கைப் பெரிதாக்கினாள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்த வெளிச்சம். நடுவே வெள்ளை, சுற்றி ஏதோ ஒரு நிறம். நான் நின்ற கோணத்தில் கண்ணாடிச் சன்னலின் வெளிச்சம் திரையில் அடித்தது. எனக்கு அது சிவப்பாகவும் தெரிந்தது, பச்சையாகவும் தெரிந்தது. அண்ணி படத்தை ஓரமாக நகர்த்தினாள். நிறுத்தினாள். இடது கண் மூடியது. விரல் மேசையில் வரைந்தது. விளக்கு வட்டமானது, அவள் விரல் போட்டது வட்டமில்லை. சின்னச் சின்ன மேடுகளாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி எங்கோ போய் முடிந்தது. வழக்கத்துக்கு மாறாக அதையே இரண்டாவது தடவையும் வரைந்தாள். பிறகு படத்தை விளக்குக்கே கொண்டுவந்தாள்.

"பச்சைதாங்க ஐயா. நல்லாப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மகளும் பார்த்தாள். "ஆமாப்பா, பச்சை." அவர் நாற்காலிக்குத் திரும்பினார். இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சட்டை அப்படியே இருக்கட்டும்மா. அந்த விளக்குக்கு மட்டும் கலர் விட்டுடு."

"அப்பா, விளக்கையா பெருசா மாட்டப் போறோம்?"

"உன் ஆசைக்கு நானும் இருக்கேனே, ஓரமா."

"நடுவுலதான் நிக்கறீங்க" என்றாள் மகள் எரிச்சலாக.

அண்ணி சிரித்தாள், கொஞ்சம் தாமதமாகச் சிரித்ததுபோல எனக்குப் பட்டது. "வலது பக்கம் கொஞ்சம் வெட்டணும்மா. ஃப்ரேமுக்கு அடங்காது" என்றபடி படத்தின் ஓரத்தை நறுக்கினாள். பிரிண்ட் நான்தான் எடுத்தேன். எல்லோரும் சாம்பலாக நிற்க, ஒரு முகம், இரண்டு கைகள், அதற்கு மேலே கடுகளவு பச்சை. நல்ல படமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃப்ரேமைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது தன் முகத்தை அல்ல.

அன்று மாலை வீடு திரும்பும்போது அண்ணியிடம் கேட்க நினைத்தேன். அது நிஜமாகவே பச்சையா, அல்லது அவருக்காகச் சொன்னதா? கேட்கவில்லை. எனக்குக் கேள்விகள் எப்போதும் வாசல்வரைதான் வரும். ஆனால் இரவு அவள் கழுவிய தட்டைத் துடைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த மேடுகளைத் தட்டின் விளிம்பில் மறுபடியும் விரல் வரைவதைப் பார்த்தேன். மலைத்தொடரா, படிக்கட்டா, என்னவென்றே பிடிபடவில்லை. பல நாள் நானும் மேசையில் வரைந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மழைக்காலத்தில் மருந்துக்கடைப் பெண் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தாள். அண்ணி காய்ச்சலில் லீவு. நானே எடுத்தேன்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்று ஒரு வழியாகக் கேட்டேன்.

"நல்லாத் தூங்கறார். அடுப்புப் பக்கமே போறதில்ல. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அந்த விளக்கைக் காட்டறார். படம் போட்டுக் கொடுத்த என்னை யாருக்கும் காட்டறதில்ல."

பழைய பாஸ்போர்ட் படம் ஒன்றைக் காட்டுவதற்காகப் போனில் தேடினாள். இடையே அந்தக் கம்பெனிப் படம் வந்தது, வெட்டாத முழுப் படம். ஒரு நிமிடம் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு பச்சைதான். அண்ணி பொய் சொல்லவில்லை. படத்தின் வலது ஓரத்தில், நாங்கள் நறுக்கியெறிந்த இடத்தில், மிஷினை நிறுத்தும் சுவிட்சை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. ஆள் படத்துக்குள் வரவில்லை, கை மட்டும். மடக்கிய நான்கு விரல்கள், மேடு மேடாக.

சட்டைக் கை நீலமாக இருந்தது.