உணவறைக்கு அக்காவின் பெயர் வேண்டாம்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் கல்லூரி நண்பர்களும் புகழுரையை எதிர்பார்ப்பீர்கள். அக்கா அதை விரும்பவில்லை. "எழுதுறதா இருந்தா காசியம்மா கதைய எழுது. இல்லன்னா ஒண்ணும் எழுதாத" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி தங்கையாகிய என்னிடம் சொன்னார். அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை. குடும்ப மானம் போகும் என்றார். எனக்கும் எழுதக் கூசுகிறது. ஆனாலும் அக்கா சொல்லைத் தட்ட மனம் வரவில்லை.

அக்கா அமிர்திக்குப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் காட்டிலாகாவில் காவலர். அம்மா இறந்த பிறகு எங்களை வளர்த்தவர் அக்காதான். கல்யாணம் வேண்டாமென்று படித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், மலையடிவாரத்தில் மெதடிஸ்ட் சபையார் நடத்திய சிறு கல்லூரியில் தமிழாசிரியையாகவும் பெண்கள் விடுதி வார்டனாகவும் சேர்ந்தார். அன்று அங்கே இருந்தது ஓட்டுக் கட்டடங்களும் ஒரு ஜெபக்கூடமும்தான். ஒரு நாள் அது பல்கலைக்கழகமாகும் என்று சபைப் பெரியவர்கள் நம்பினார்கள். 'மலையின் பிள்ளைகளுக்காக' என்று வாசல் கல்லில் வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லையும் ஜெபக்கூடத்து மரங்களையும் சுமந்து வந்து தந்தவர்கள் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு விவசாயிகள். அவர்கள் நம் சபையார் அல்லர். தங்கள் பிள்ளைகள் படிக்கப்போகும் இடம் என்று நம்பித் தந்தார்கள்.

மலையில் பள்ளிப்படிப்பை முடிக்கவே வழியில்லாததால் பல வருஷம் ஒருவரும் வரவில்லை. முதலில் வந்தவள் காசியம்மாள். அழைத்து வந்தவர் அவள் தகப்பனார் அண்ணாமலை. சாமை விதைப்பவர், ஜெபக்கூடத்துக்கு மரம் சுமந்தவர்களில் ஒருவர். அக்கா வாசல்வரை போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

சில நாளிலேயே மற்ற மாணவியர் அவளோடு ஒரே பந்தியில் சாப்பிட மறுத்தார்கள். பெற்றோர் சிலர், பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவோம் என்றார்கள். இருப்பதே கொஞ்சம் பிள்ளைகள். கல்லூரி மூடிப்போகுமோ என்று அக்கா பயந்தார்.

"கொஞ்ச நாளு சமையக்கட்டுல சாப்புடும்மா. நான் பேசி சரி பண்றேன்."

அவள் தலையாட்டினாள். அக்கா யாரிடமும் பேசவில்லை. சமையற்கட்டில் சாப்பிட்டவள் மெல்லப் பாத்திரமும் துலக்கத் தொடங்கினாள். அக்கா அதையும் பார்த்தார், பார்க்காதவர்போல இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம், அண்ணாமலை பலாப்பழத்தோடு வந்தார். மகள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்று அக்காவைக் கேட்டார்.

"அண்டா கழுவுற வேல எங்க வூட்லயே இருக்குதுங்க. படிக்கத்தான் அனுப்பிச்சேன்" என்றவர், மகளிடம், "வா கண்ணு, போலாம்" என்றார். பழத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

அக்கா ஜீப் பிடித்து மலையேறிப் போய் அழைத்தார். காசியம்மாள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து, "வர்லீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நிறுவன நாள் விழாவில் கல்லூரியின் வரலாறும் நோக்கமும் பற்றிப் பேச வேண்டியவர் அக்கா. நடந்ததை அப்படியே சொன்னார். "வாசலில் வெட்டியிருப்பது பொய். அதைப் பொய்யாக்கியவள் நான்" என்று முடித்து இறங்கினார். யாரும் கைதட்டவில்லை. முதல்வர் வெகுநாள் அவரோடு பேசவில்லை.

மறுநாள் முதல் எல்லோருக்கும் ஒரே பந்தி என்றார். சமையல்காரரையும் உட்காரவைத்துத் தாமும் உட்கார்ந்தார். முறைத்த பெற்றோரிடம், "கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்றார். சிலர் கூட்டிப் போனார்கள். கல்லூரி மூடிப்போகவில்லை. எண்பதுகளில் மலைப்பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். விடுமுறைதோறும் அக்கா மலையில் தங்கி அவர்களைப் பள்ளித் தேர்வுக்குத் தயார்செய்தார். யாராவது புகழ்ந்தால், "அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல" என்பார்.

விடுதி உணவறைக்கு அவர் பெயர் வைக்க நிர்வாகம் கேட்டபோது, "வேணாம். அசிங்கமா இருக்குது" என்றார். இன்று குடும்பத்தாரின் பதிலும் அதுவே.

ஆஸ்பத்திரியில் மாறிமாறித் துணையிருந்த மாணவியருக்கும், கடைசிவரை வந்து ஜெபித்த போதகருக்கும், அடக்கத்தன்று தோள்கொடுத்த ஊராருக்கும் எங்கள் நன்றி.

அன்று அண்ணாமலையும் வந்திருந்தார். "காசிம்மா வர்லன்னுடுச்சிங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எங்களுக்கு ஏது தகுதி? அண்ணாமலை குனிந்து குழியில் ஒரு பிடி மண் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லக்கூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.