அட்டையின் பின்பக்கம்

ஒரகடத்தில் கார்களுக்கான தண்ணீர் பம்ப் செய்யும் எங்கள் கம்பெனிக்கு அன்று மூன்றாம் நிலைத் தரத் தேர்வு. எந்த ஷிப்டில் யார் நின்றாலும், எழுதி வைத்த ஒரே முறையில் வேலை நடந்தால்தான் அந்த நிலை கிடைக்கும். முறைகளை ஏசி அறையில் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு வேலையிடத்திலும் அட்டையாக மாட்டிய இன்ஜினீயர் நான்தான். "எது கேட்டாலும் அட்டையில இருக்கிறபடிதான்னு சொல்லுங்க" என்று உற்பத்தி லைனில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ரப்பர் வளையம் பொருத்தும் செல்வியிடம் போனார். "இந்த அட்டைப்படிதான் செய்றீங்களாம்மா?"

"இல்ல சார். அப்டி செஞ்சா ரப்பர் கிழிஞ்சிடுது."

செல்வி அட்டையைக் கழற்றித் திருப்பினார். "மூணு ஷிப்டும் பேசி இப்டி மாத்திக்கினோம்." பின்பக்கத்தில் பேனாவால் படிப்படியாக எழுதிய வேறு முறை, கீழே தேதியோடு பதினோரு கையெழுத்து.

"இன்ஜினீயர்கிட்ட சொல்லலியா?"

"ரெண்டு தபா சொன்னோம் சார். பிசியா இருந்தாரு."

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "மூணாம் நிலைன்னா இதாங்க. உங்க ஃபைல்ல இல்ல, இங்க இருக்கு."

அன்று கிடைக்கவில்லை; எல்லா முறைகளையும் நான் லைனில் நின்று திருத்தி எழுதிய பிறகுதான் நிலை கிடைத்தது. அந்த அட்டையை மட்டும் திருப்பி மாட்டினேன். செல்வியின் எழுத்து முன்னால், என்னுடையது பின்னால். யாரிடமாவது பிசி என்று சொல்ல வாயெடுக்கும்போது, போய் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.