சாதுக் குழந்தையின் அம்மா

சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி விழுந்தது. தரையில் வட்டமடித்து, கிணுகிணுத்து, ஓய்ந்தது. கத்திரியின் மடியில் கிடந்த குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பாரு, என் மகன் எவ்வளவு சாது! நீயும்தான் இருக்கியே," என்றான் அவள் கணவன், தட்டை எறிந்த கையைத் துடைத்துக்கொண்டே.

கத்திரி என்பது தையல் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். அடுக்கிய துணியைக் கோடு பிசகாமல் வெட்டுவாள், வாயும் அப்படித்தான். மேற்பார்வையாளரே அவளிடம் பேச்சுக் கொடுக்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஆனால் அந்த வாய் வாசல்படியோடு சரி. வீட்டுக்குள் பேசுவது கணவனின் கை. அவன் லாரி மெக்கானிக். குடிப்பழக்கம் கிடையாது. போதையில் அடிக்கிறான், தெளிந்தால் சரியாகிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் அவளை விட்டுவிட்டுச் சாமான்களை அடித்தான். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் பழைய கணக்குக்குத் திரும்பினான்.

கீழ்வீட்டில் சலவைக் கடை வைத்திருந்தவள் அவனுடைய அக்கா. கத்திரிக்கு அண்ணி. மேலே சத்தம் எழும்போதெல்லாம் கீழே இஸ்திரிப் பெட்டி மேசையில் ஓங்கி விழும். அண்ணி மேலே ஏறி வந்ததில்லை.

குழந்தை மார்பில் வாய் வைத்ததும் நாலு இழுப்பு இழுப்பான். பிறகு தாடை நின்றுவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்ட நர்ஸ் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. முள்ளைப் பார்த்தாள், குழந்தையின் தொடையில் தொங்கிய தோலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"பொறந்தப்ப இருந்ததைவிடக் குறைஞ்சிருக்கான்மா. இது சாது இல்ல, சோர்வு. இவன் கேட்பான்னு காத்திருக்காதே. நீதான் எழுப்பணும்."

துணியைக் கழற்றி வெறும் உடம்போடு மார்பில் சாய்த்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளங்காலைத் தேய்க்க, முதுகெலும்போடு விரலை ஓட்ட, இழுப்பு நின்றால் மார்பை மெல்ல அழுத்திப் பாலை இறக்க, தூங்கினால் ஏப்பம் விடவைத்து மறுபக்கம் மாற்றக் காட்டிக்கொடுத்தாள். மிஞ்சுகிற பாலைக் கையால் பீய்ச்சிக் கரண்டியில் புகட்டச் சொன்னாள்.

கத்திரி அதையே வேலையாகக் கொண்டாள். மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். கணவனுக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாடு தாமதம், துணி துவைக்கவில்லை, எப்போது பார்த்தாலும் பிள்ளையை உரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"தூங்குற பிள்ளையைக் கிள்ளிக் கிள்ளி எழுப்புறே. உன்கிட்ட பால் இருந்தா அவன் ஏன்டி தூங்குறான்?"

சொல்லிக்கொண்டே முடியைப் பிடித்து இழுத்தான். குழந்தையின் வாய் மார்பிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பால் பீறிட்டுக் கணவன் முகத்திலேயே தெறித்தது. அதற்கும் சேர்த்து கன்னத்தில் ஓர் அறை. அவளுக்குக் காது அடைத்துப்போனது. குனிந்து பார்த்தாள். அழ வேண்டிய பிள்ளை அழவில்லை. இமை இறங்கி, கை துவண்டு, பிணம்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அறை வலித்ததைவிட அந்தத் தூக்கம்தான் அவளை நடுங்கவைத்தது.

அடுத்த தடவை எடை இன்னும் இறங்கியிருந்தது. வார்டில் சேர்த்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டாம் நாளே குழந்தை தானாகக் கண் விழித்தான். வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடினான். அவன் விழுங்கும் சத்தம் கத்திரிக்கு முதல்முறையாகக் காதில் விழுந்தது.

நர்ஸ் அவள் கழுத்தில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தாள்.

"வீட்டுல சத்தம் அதிகமா?"

கத்திரி முந்தானையைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சில குழந்தைங்களுக்குச் சத்தம் தாங்காதும்மா. ஓடவா முடியும், ஒளியவா முடியும்? கண்ணை மூடிக்கும். அது ஒண்ணுதான் அதுங்களுக்குத் தெரிஞ்ச வழி. இவன் இங்க முழிச்சுக் குடிக்கிறானே, ஏன்னு நீயே யோசி. வீட்டுக்குப் போகாம இருக்க ஏற்பாடு பண்ணட்டுமா?"

"வேண்டாம். அவர் மாறிடுவார்," என்றாள். அப்போது அதை நம்பவும் செய்தாள்.

வீடு திரும்பிய மறுநாள் மதியம். ஒரு பக்கம் கொடுத்து முடித்து, மறுபக்கத்துப் பாலை டம்ளரில் பீய்ச்சி வைத்திருந்தாள். வேலையிடத்தில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்த கணவன், செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து டம்ளரை எட்டி உதைத்தான். பால் தரையெல்லாம் ஓடியது. இடுப்பு ஒடிய உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பால். இடது கையில் கிடந்த குழந்தையின் இமை இறங்கத் தொடங்குவதை அவள் பார்த்தாள்.

அவன் கை அவள் முகத்தை நோக்கி வந்தது. அவள் ஒதுங்கவில்லை. அந்தக் கையைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

ஆள்காட்டி விரலின் அடியில் பல் இறங்கியது. அவன் அலறினான். மறுகையால் மண்டையில் குத்தினான். விடவில்லை. சுவரோடு சேர்த்து மோதினான். விடவில்லை. வாயெல்லாம் கிரீஸும் ரத்தமுமாகக் கரித்தது. குழந்தையை மட்டும் கவசம்போட்டதுபோல் அணைத்திருந்தாள். எலும்பு பல்லில் தட்டியது.

கதவு திறந்தது. அண்ணி, கையில் நீளமான மரக் கழி. சலவைத் தொட்டியில் துணியைக் கிளறுவது.

"அக்கா! இந்தப் பேய் என் கையைத் தின்னுடுச்சுக்கா! போடு அவளை!"

கழி அவன் தோளில் இறங்கியது. நம்பாமல் திரும்பியவனுக்கு முழங்காலில் இன்னொன்று. அவன் விழுந்த பிறகுதான் கத்திரி பல்லைத் திறந்தாள்.

"அக்கா, என்னையா அடிக்கிறே?"

"உனக்கு முன்னாடி ஒரு தம்பி இருந்தான்டா எனக்கு," என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது. "அவனையும் சாதுன்னுதான் சொன்னாங்க. அப்பன் அம்மாவை உதைக்கும்போதெல்லாம் தூங்குவான். ஒருநாள் எந்திரிக்கவே இல்ல. என் மடியிலதான் கிடந்தான். மேல சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் பெட்டியைத் தட்டிக்கிட்டு நின்னேன் பாரு, எனக்குத்தான் முதல்ல அடி விழணும். எழுந்து போ. இந்தப் படியில கால் வெச்சே, மிச்ச விரலையும் நானே எடுத்துடுவேன்."

"போ," என்றாள் கத்திரியும், ரத்தம் துப்பியபடி. கல்யாணமானதிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல்தடவை.

அவன் போனான். ஆனால் சும்மா போய்விடவில்லை. ஒரு மாலை இரண்டு ஆட்களோடு வந்து சலவைக் கடையின் கண்ணாடியை உடைத்தான். காவலர்கள் வந்து அழைத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஊர்ப்புறத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்வதாகக் கேள்வி. அந்த விரல் மடங்கவில்லையாம், ஸ்பேனர் வழுக்குகிறதாம். அண்ணி இதைச் சொன்னபோது கத்திரி பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.  ஆனால் இன்றைக்கும் படியில் கனமான காலடி கேட்டால் குழந்தையை இறுக்கிக்கொண்டு கதவைப் பார்ப்பாள்.

கீழ்வீட்டின் பின்னறைக்கு அவள் குடிமாறினாள். குழந்தையின் எடை உடனே ஏறிவிடவில்லை. சில வாரம் கரண்டியும் மார்புமாக இழுபறிதான். பிறகு தொடையில் மடிப்பு விழுந்தது. நர்ஸ் எடைத்தட்டில் கிடத்தியபோது, இரும்பு சில்லிட்டதற்காக, அந்த அறையே அதிரும்படி ஓர் அலறல் அலறினான். வரிசையில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"தூக்கேம்மா, பாவம்!" என்றாள் ஒருத்தி.

"இருங்க, இன்னும் கொஞ்சம் கத்தட்டும்," என்றாள் கத்திரி.